கெய்ட்லின் ஜென்னருக்குக் கிடைத்த கைதட்டல்

2015 ஜனவரியில் 'இன் டச்' என்ற அமெரிக்க வார இதழ் ஓர் அட்டைப்படம் போட்டது. முன்னாள் ஒலிம்பிக் வீரர் ஒருவரின் முகத்தை எடுத்து வேறொரு பெண்ணின் படத்தில் ஒட்டி, உதட்டுச் சாயம் பூசி, 'இவர் பெண்ணாக மாறிக்கொண்டிருக்கிறார்' என்று ஊருக்கு அறிவித்தது. சம்பந்தப்பட்டவர் அதுவரை அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அவர் விரலில் நகப்பூச்சு தெரிகிறதா, தொண்டையில் ஏதோ அறுவை செய்துகொண்டாராமே என்று கேமராக்கள் ஓராண்டுக்கும் மேலாக அவரைத் துரத்திக்கொண்டிருந்தன. அதே ஆண்டு ஜூன் 1 அன்று அவர் 'வேனிட்டி ஃபேர்' இதழின் அட்டையில் வந்தார். இம்முறை படம் எடுத்தவர் உலகப் புகழ்பெற்ற ஆனி லீபோவிட்ஸ். படத்துக்குரியவரின் பெயர் கெய்ட்லின் ஜென்னர். அன்று அவர் தொடங்கிய ட்விட்டர் கணக்கில் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் பத்து லட்சம் பேர் சேர்ந்தார்கள். சில நாட்களுக்கு முன்புதான் அதிபர் ஒபாமா படைத்திருந்த சாதனை அதில் முறிந்தது. ஒபாமாவும் வாழ்த்துச் சொன்னார். ஜனவரியில் கெக்கலித்த நாடு ஜூனில் எழுந்து நின்று கைதட்டியது. இந்த ஐந்து மாதத்தில் அமெரிக்கர்கள் திருநர்களைப் பற்றிப் புதிதாக எதையும் கற்றுக்கொண்டதற்கான அடையாளம் இல்லை. படம் மாறியது, படம் எடுத்தவர் மாறினார், கதையைச் சொல்லும் உரிமை வேறு கைக்குப் போனது. அன்று விழுந்த கைதட்டல் ஒரு நட்சத்திரத்துக்கு விழுந்தது. அதைத் திருநர்களுக்குக் கிடைத்த ஏற்பு என்று கணக்கில் எழுதியதுதான் பிசகு என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

ஜென்னர் யார் என்பது நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் டெகாத்லான் தங்கம் வென்றவர். ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று இரண்டே நாளில் பத்துப் போட்டிகளில் மோத வேண்டிய விளையாட்டு அது. வெல்பவரை உலகின் முழுமையான தடகள வீரர் என்று சொல்வது வழக்கம். பனிப்போர்க் காலத்தில், முந்தைய ஒலிம்பிக்கில் சோவியத் வீரரிடம் போயிருந்த பட்டத்தை உலக சாதனையோடு மீட்டுவந்ததால், அவர் அமெரிக்க ஆண்மைக்கே உருவம் கொடுத்தவரானார். 'வீட்டீஸ்' காலையுணவுப் பெட்டியில் அவர் படம் அச்சாகிப் பிள்ளைகளின் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. 2007 முதல் கர்தாஷியன் குடும்பத்தின் ரியாலிட்டி ஷோவில் சாதுவான அப்பாவாக இன்னொரு தலைமுறைக்கு அறிமுகமானார். 2015 ஏப்ரல் 24 அன்று, 65 வயதில், ஏபிசி தொலைக்காட்சியில் டயேன் சாயரிடம் தான் ஒரு பெண் என்றார். அந்தப் பேட்டியை ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். பாலின மாற்றம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே நாளில் நடக்கும் ஒற்றை நிகழ்வு இல்லை. ஹார்மோன் சிகிச்சை, அறுவைகள், பெயரையும் ஆவணங்களையும் மாற்றுவது, உடை, பழக்கம் என்று பலவும் சேர்ந்தது. யாருக்கு எது தேவை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அறுவையே செய்துகொள்ளாதவர்களும் நிறைய உண்டு. ஆனால் பத்திரிகைக்கு வேண்டியது 'முன்பு', 'பின்பு' என்ற இரண்டு படங்கள். ஜென்னரிடம் இரண்டும் இருந்தன. முன்னதோ நாட்டுக்கே மனப்பாடமான படம்.

அந்த வரவேற்பை நெருங்கிப் பார்த்தால் அதில் ஒட்டியிருந்த நிபந்தனைகள் தெரியும். முதல் நிபந்தனை அழகு. அட்டைப்படம் வந்த மறுநாளே ஜான் ஸ்டூவர்ட் தன் நையாண்டி நிகழ்ச்சியில் இதைப் பிடித்துவிட்டார். செய்தி வாசிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராக ஜென்னரின் தோற்றத்தை மெச்சுவதைக் காட்டி, ஆணாக இருந்தவரை இவருடைய விளையாட்டையும் வியாபாரத்தையும் பேசினோம், பெண்ணானதும் பேசுவதற்குத் தோற்றம் மட்டும்தான் மிஞ்சியது என்ற பொருளில் கிண்டலடித்தார். அதே வாரம் நடிகை லாவர்ன் காக்ஸ் இன்னும் கூர்மையாக எழுதினார். முந்தைய ஆண்டு 'டைம்' இதழின் அட்டையில் இடம்பெற்ற திருநங்கை அவர். ஜென்னரை வாழ்த்திவிட்டு, இப்படிப்பட்ட தோற்றம் பெரும்பாலான திருநர்களுக்கு எட்டாது, பலர் அதை விரும்புவதும் இல்லை, அழகாகத் தெரிவதற்கும் மதிக்கப்படுவதற்கும் முடிச்சுப் போடக் கூடாது என்றார். பாராட்டு மழை கொட்டிக்கொண்டிருந்தபோதே அந்த மழை எங்கெல்லாம் பெய்யாது என்று கண்டுகொண்டவர், அதில் நனைந்த அனுபவம் உள்ள ஒரு திருநங்கை. இரண்டாவது நிபந்தனை பணம். சிறந்த மருத்துவர்கள், சிறந்த ஒப்பனையாளர், சிறந்த புகைப்படக்காரர், வெளியுலகம் பார்க்கும் நாளைத் தானே குறிக்கும் வசதி, இவ்வளவும் இருந்தால்தான் அந்த அட்டை. மூன்றாவது நிபந்தனை கதை. ஒளித்துவைத்த துயரம், கண்ணீர், விடுதலை என்று வரிசை தவறாமல் சொல்லப்பட வேண்டும். இடையில் முரண்பாடு எதுவும் தலைகாட்டக் கூடாது. நான்காவது ஒன்றும் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. பார்ப்பவருக்குச் செலவு எதுவும் வரக் கூடாது. மலிபுவில் மாளிகையில் வாழ்பவர் உங்கள் வீட்டு மாடிப் போர்ஷனை வாடகைக்குக் கேட்டு வரப்போவதில்லை. உங்கள் அலுவலகத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கப்போவதும் இல்லை. தூரத்தில் இருப்பவரை வாழ்த்தக் கைப்பேசியில் ஒரு தட்டு போதும்.

எதிர்வினைகளில் விநோதமான ஒன்று அந்த ஜூன் மாதத்திலேயே நடந்தது. இஎஸ்பிஎன் நிறுவனம் ஆர்தர் ஆஷ் தைரிய விருதை ஜென்னருக்குத் தருவதாக அறிவித்ததும், தைரியம் என்றால் போர்வீரனின் தைரியம்தான், ஒப்பனை போட்டுக்கொள்வதில் என்ன தைரியம் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. போரில் கையையும் காலையும் இழந்த ஒருவருக்குப் போகவேண்டிய விருதைப் பறித்துவிட்டார்கள் என்றும் ஒரு புரளி பரவியது. அப்படி இரண்டாமிடம் என்று யாரையும் வைத்திருக்கவே இல்லை என்று இஎஸ்பிஎன் மறுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சூட்டில் ஒருவர் முகநூலில் படம் ஒன்றைப் பகிர்ந்தார். குண்டுமழைக்கு நடுவே ஒரு படைவீரன் காயம்பட்ட தோழனைத் தூக்கிச் செல்கிறான். இதுதான் வீரம் என்று அவர் எழுத, லட்சக்கணக்கானோர் அதைப் பகிர்ந்தார்கள். பிறகுதான் அவர் படத்தின் மூலத்தைத் தேடினார். அது போர்க்களம் இல்லை. மார்க் ஹோகன்கேம்ப் என்பவர் தன் வீட்டு முற்றத்தில் பொம்மைகளால் உருவாக்கிய, இரண்டாம் உலகப் போர்க்கால பெல்ஜிய கிராமம் ஒன்றின் காட்சி. 'மார்வென்கோல்' என்ற ஆவணப்படத்தால் அறியப்பட்ட கலைஞர் அவர். அவர் பொம்மைக் கிராமம் கட்டிய காரணம் கேட்டால் பேச்சு நின்றுபோகும். 2000ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஒரு மதுக்கடைக்கு வெளியே ஐந்து பேர் அவரைச் சாகும் அளவுக்கு அடித்துப்போட்டார்கள். பெண்களின் உடை அணியும் பழக்கம் தனக்கு உண்டு என்று அவர் அவர்களிடம் சொல்லியிருந்தார். பல நாட்கள் நினைவில்லாமல் கிடந்து, பழைய நினைவுகளையெல்லாம் இழந்து எழுந்தவர், மனத்தை மீட்க அந்தக் கிராமத்தைக் கட்டினார். படத்தைப் பகிர்ந்தவர் இந்த முரணைத் தானே வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மைக்கு அவரைப் பாராட்ட வேண்டும். ஜென்னரின் தைரியத்தை மறுக்கக் கையில் எடுத்த படத்துக்குப் பின்னாலேயே, பெண்ணுடை அணிவதாகச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பதற்கான சாட்சி இருந்தது. விருதை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஹோகன்கேம்ப் போன்ற பெயர் தெரியாத மனிதர்களைப் பற்றி அந்த மாதம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

இந்த நாடகம் 2015இல் புதிதாக எழுதப்பட்டதும் இல்லை. 1952 டிசம்பர் 1 அன்று 'நியூயார்க் டெய்லி நியூஸ்' முதல் பக்கத்தில் கிறிஸ்டீன் ஜோர்கென்சனின் கதை வந்தது. பிராங்க்ஸ் பகுதியில் டென்மார்க் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்கப் படையில் எழுத்தராகப் பணியாற்றி, கோபன்ஹேகனுக்குப் போய் ஹார்மோன் சிகிச்சையும் அறுவையும் செய்துகொண்டவர். முன்னாள் படைவீரர் பொன்முடி அழகியானார் என்று தலைப்பு கூவியது. அணுகுண்டு தயாரித்த விஞ்ஞானம் இதையும் செய்துவிட்டதே என்ற வியப்பும் அந்த வரவேற்பில் கலந்திருந்தது. 1953 பிப்ரவரியில் அவர் நியூயார்க் விமான நிலையத்தில் இறங்கியபோது நிருபர் பட்டாளம் மொய்த்தது. ஒரு வார இதழ் அவருடைய தன்வரலாற்றுத் தொடருக்கு 20,000 டாலர் கொடுத்தது. நியூயார்க்கின் ஸ்காண்டிநேவிய சங்கங்கள் அவரை ஆண்டின் சிறந்த பெண்மணியாகத் தேர்ந்தெடுத்தன. சில மாதங்கள்தான். பிறவியிலேயே இருபாற்கூறுகள் கொண்டவர், மருத்துவர்கள் அதைச் சரிசெய்தார்கள் என்று பலர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை, ஆணுடலோடு பிறந்தவர்தான் என்று 'நியூயார்க் போஸ்ட்' தொடர்கட்டுரை எழுதியதும் பத்திரிகைகளின் தொனி மாறியது. 'அவள்' என்று எழுதிய சில பேனாக்கள் 'அவன்' என்று எழுதத் தொடங்கின. மேடையில் பாடவும் நகைச்சுவை பேசவும் அவரை அழைத்தார்கள். பார்க்கக் கூட்டம் வந்தது. ஆனால் 1959இல் ஒருவரை மணக்க உரிமம் கேட்டுப் போனபோது, பிறப்புச் சான்றிதழில் ஆண் என்று இருக்கிறது என்று சொல்லி நியூயார்க் நகர அலுவலகம் மறுத்துவிட்டது. மேடை தந்த நகரம் குடும்பம் தரவில்லை. மணக்க இருந்தவருக்கு வேலையும் போயிற்று.

ஜென்னர் ஆண்டுக்கு மறுபடி வருவோம். 2015 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், அட்டைப்படத்தின் பரபரப்பு அடங்காத நாட்களிலேயே, அமெரிக்கத் திருநர்களிடையே அதுவரை நடந்ததில் மிகப் பெரிய கருத்தெடுப்பு நடந்தது. 27,715 பேர் பதில் சொன்னார்கள். 29 சதவீதத்தினர் வறுமையில் இருந்தார்கள். வேலையின்மை 15 சதவீதம். அன்றைய அமெரிக்க அளவைப்போல் மூன்று மடங்கு. முந்தைய ஓராண்டில் பொதுக் கழிப்பறைக்குப் போகவே பயந்து தவிர்த்ததாக 59 சதவீதத்தினர் சொன்னார்கள். கடைசி எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, நவம்பர் 3க்கு, டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனுக்குப் போகலாம். இனம், வயது, மதம், ஊனம், படைப்பணி, பாலின அடையாளம் என்று 15 அடிப்படைகளில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அந்த நகரமன்றம் 2014இல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்த்தவர்கள் மற்ற 14 அடிப்படைகளையும் தொடவே இல்லை. பெண்கள் கழிப்பறையில் ஆண்கள் வேண்டாம் என்ற ஒற்றை முழக்கம். தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு சிறுமி கழிப்பறைக்குள் நுழைகிறாள்; பின்னாலேயே ஓர் ஆண் நுழைகிறான். விளம்பரம் முழுக்கத் திருநர் ஒருவர்கூட இல்லை. நகரின் முன்னாள் பேஸ்பால் நட்சத்திரம் லான்ஸ் பெர்க்மனும் அந்தப் பக்கம் நின்று பேசினார். ஏறக்குறைய 61 சதவீத வாக்கோடு சட்டம் ரத்தானது. நாலு மாதம் கழித்து வட கரோலினா மாநிலம் ஒரே நாளில் கூடி, பேசி, நிறைவேற்றி, ஆளுநரின் கையெழுத்தும் வாங்கி, அரசுக் கட்டடங்களில் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் கழிப்பறை என்று சட்டம் போட்டது.

டெக்சாஸ்காரர்கள் எப்போதுமே இப்படித்தான், 'வேனிட்டி ஃபேர்' வாங்குபவர்கள் வேறு, ஹூஸ்டனில் வாக்களித்தவர்கள் வேறு, இரண்டையும் முடிச்சுப் போடலாமா என்று கேட்கலாம். பாதி நியாயமான கேள்வி. ஆனால் ஹூஸ்டன் அப்படியொன்றும் இறுகிப்போன ஊர் இல்லை. தான் ஒரு லெஸ்பியன் என்று வெளிப்படையாகச் சொன்ன ஆனீஸ் பார்க்கரை மூன்று முறை மேயராகத் தேர்ந்தெடுத்த ஊர் அது. பார்க்கருக்கு ஒரு முகம் இருந்தது, செயல்பாட்டு வரலாறு இருந்தது. பிடித்தால் வாக்குப் போடலாம். வாக்கெடுப்பில் இருந்த திருநருக்கு முகமே இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் விளம்பரத்து ஆள் வந்து நின்றான். ஜென்னரின் முகத்தை அமெரிக்கா முழுக்க அறியும். இருந்தும் அந்த முகம் இந்த இடத்துக்கு வந்து நிரப்பவில்லை. மக்கள் ஜென்னரை ஜென்னராகவே வைத்துக்கொண்டார்கள். புகழ் பெற்றவரை விதிவிலக்காகப் பார்ப்பது மனித இயல்பு; விதிவிலக்கை வைத்து யாரும் விதியைத் திருத்துவதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிரபலம் ஒருவர் வெளியே வருவதால் ஊர் மாறாவிட்டாலும், எங்கோ ஒரு சிற்றூரில் தனியாகப் புழுங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தான் ஒற்றை ஆள் இல்லை என்று தெரியுமே, அது சின்ன விஷயமா? சின்ன விஷயமே இல்லை. ஜோர்கென்சனுக்குச் சிகிச்சை அளித்த கோபன்ஹேகன் மருத்துவர் கிறிஸ்டியன் ஹாம்பர்கர் 1953இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். செய்தி பரவிய ஓராண்டுக்குள் தங்களுக்கும் இதே உதவி வேண்டும் என்று உலகெங்கிலுமிருந்து 465 பேர் எழுதிய கடிதங்களைப் பற்றியது அது. பத்திரிகைகளில் அச்சான எந்த எதிர்வினையையும்விட இந்தக் கடிதங்கள் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே அதுவரை தெரியாதிருந்தவர்கள் எழுதியவை. அதை ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: அந்தச் செய்தி திருநர்களிடம் செய்த வேலை ஒன்று, மற்றவர்களிடம் செய்த வேலை இன்னொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதும் நடந்துவிட்டதாகச் சொல்கிறோம். சமூகம் மாறியதா என்று பார்க்க வேண்டுமானால் கடிதம் எழுதிய அந்த 465 பேருக்கு அவரவர் ஊரில் வேலையும் வீடும் மருத்துவமும் கிடைத்தனவா என்று பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் மனத்தை எது மாற்றுகிறது என்பதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. 2015 கோடையில் 'ராயல் பெயின்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் ஓர் அத்தியாயத்தில் வளரிளம் திருநர் பாத்திரம் ஒன்று வந்தது. அத்தொடரின் பார்வையாளர்களிடம் ஆய்வாளர்கள் கேட்டபோது, அந்த அத்தியாயத்தைப் பார்த்தவர்களின் பார்வை மற்றவர்களைவிடக் கனிந்திருந்தது. ஜென்னர் செய்தியைத் தொடர்ந்து பார்த்ததற்கு அப்படியொரு விளைவு தென்படவில்லை. கற்பனைப் பாத்திரத்தால் முடிந்தது நிஜ நட்சத்திரத்தால் முடியவில்லை என்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும். யோசித்தால் அவ்வளவு விசித்திரமில்லை. பாத்திரத்தின் கஷ்டத்துக்குள் நாம் போய் உட்காருகிறோம், நட்சத்திரத்தையோ வெளியே நின்று மதிப்பெண் போடுகிறோம். இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியமானது. மியாமியில் தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். பத்து நிமிடப் பேச்சு. யாரும் பிரசங்கம் செய்யவில்லை. மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருந்ததற்காக உங்களை யாராவது குறைவாக நினைத்ததுண்டா என்று வீட்டுக்காரரையே பேசவிட்டு, அங்கிருந்து திருநர் பிரச்சினைக்கு வந்தார்கள். டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா காலா இருவரும் இதை 501 வாக்காளர்களிடம் சோதித்து 2016இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். மனமாற்றம் குறைந்தது மூன்று மாதம் நிலைத்தது. பேசப் போனவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் கிடைத்தது. இந்த இருவரும்தான் அதற்கு முந்தைய ஆண்டு, இதே வகையில் தன்பாலினத் திருமணம் பற்றி வெளியாகியிருந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று மோசடி என்று அம்பலப்படுத்தியவர்கள். 'சயன்ஸ்' அதைத் திரும்பப் பெற்றது 2015 மே கடைசியில், ஜென்னரின் அட்டைப்படத்துக்கு நாலு நாள் முன்பு. அடுத்தவர் தரவைக் கிழித்துக் காட்டியவர்களின் சொந்தத் தரவு என்பதால் எனக்கு இதில் கூடுதல் நம்பிக்கை.

நெடுங்காலக் கணக்கும் கைதட்டலின் பக்கம் சாயவில்லை. பிறக்கும்போது குறிக்கப்பட்ட பால்தான் ஒருவர் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்று சொன்ன அமெரிக்கர்கள் 2017இல் 54 சதவீதம், 2021இல் 56, 2022இல் 60 என்று பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. திரைகளிலும் அட்டைகளிலும் திருநர்கள் முன்னெப்போதையும்விட அதிகமாகத் தெரிந்த ஆண்டுகள் அவை. அதே 2022இல், வேலையிலும் குடியிருப்பிலும் திருநர்களை ஒதுக்கக் கூடாது என்று சட்டம் வேண்டும் என்றவர்கள் 64 சதவீதம். ஆகவே அமெரிக்கா முழுக்க வெறுப்பில் மூழ்கிவிட்டது என்று சொல்வதும் தவறு. பாலினம் பற்றிய கோட்பாட்டில் உடன்படாத ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் வேலை பறிபோகக் கூடாது என்று நினைக்க முடியும். நட்சத்திரத்தைச் சுற்றி நடக்கும் பேச்சு இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, ஆதரவா எதிர்ப்பா என்று ஒற்றைக் கையெழுத்துக் கேட்கிறது.

ஜென்னருக்கு எதிரான குரல்களையெல்லாம் வெறுப்பென்று தள்ளிவிட முடியாது. அந்த ஜூனில் எலினார் பர்கெட் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் எழுதியது பெண்ணியத்தின் பக்கமிருந்து வந்த கேள்வி. தன் மூளை ஆணுக்குரியதைவிடப் பெண்ணுக்குரியது என்று ஜென்னர் சொல்கிறாரே, பெண் மூளை என்று ஒன்று இல்லை என்று சொல்லித்தானே தலைமுறைகளாகப் போராடினோம், இறுக்கிய உள்ளாடையும் நகப்பூச்சுமா பெண்மை என்று கேட்டார். அட்டைப்படத்தைப் பற்றிய கேள்வியாக இது சரியானது. ஆனால் அந்தப் படத்தைக் கேட்டது சந்தை. அதே இதழ் ஒரு நடிகையிடமும் அதையே கேட்டிருக்கும். அதை எல்லாத் திருநங்கைகளின் கொள்கையாக எடுத்துக்கொண்டு பதில் கேட்பது, ஒரு சினிமா சுவரொட்டியை வைத்து எல்லாப் பெண்களிடமும் விளக்கம் கேட்பதாகும். விளையாட்டில் யார் எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்பதும் அப்படித்தான். உடலியல், வயது, போட்டியின் தரம் என்று பார்த்து விளையாட்டு அமைப்புகள் விவாதிக்க வேண்டிய கடினமான கேள்வி அது. ஒருவரின் அட்டைப்படம் பிடித்ததா இல்லையா என்பதிலிருந்து அதற்கு விடை வராது. 2021இல் பெண்கள் பள்ளி விளையாட்டில் திருநர் சிறுமிகள் போட்டியிடக் கூடாது என்றவர்களில் ஜென்னரும் ஒருவர் என்பதை இரு தரப்பினரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் கதை என்ற நிபந்தனை அவர் காலை வாரியது. அவர் குடியரசுக் கட்சிக்காரர். 2016இல் டிரம்பை நம்பினார்; டிரம்பின் ஹோட்டலில் பெண்கள் கழிப்பறைக்குப் போய்வந்து அதைப் படம்பிடித்தும் வெளியிட்டார். 2017 பிப்ரவரியில் டிரம்ப் அரசு திருநர் மாணவர்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டலைத் திரும்பப் பெற்றது. 2018இல் தன் நம்பிக்கை தவறு என்று 'வாஷிங்டன் போஸ்ட்' இதழில் எழுதினார். 2021இல் கலிஃபோர்னியா ஆளுநரைத் திரும்ப அழைக்கும் தேர்தலில் நின்று ஒரு சதவீத அளவுக்கு வாக்கு வாங்கினார். அவருக்கென்று தனியாக வந்த ரியாலிட்டி ஷோ இரண்டு பருவங்களில் நின்றுபோயிருந்தது. 2015இல் வாழ்த்தியவர்களில் பலருக்குக் கசப்பு. துரோகம் என்று திட்டினார்கள். அவருடைய அரசியல் எனக்கும் ஏற்புடையதில்லை. ஆனால் பணம் படைத்த, வயதான ஒரு வெள்ளை அமெரிக்க விளையாட்டு நட்சத்திரம் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பதில் வியக்க என்ன இருக்கிறது? டயேன் சாயரிடமே தன்னைப் பழமைவாதி என்று அவர் சொல்லியிருந்தார். கேட்டவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போனார்கள். ஒருவரை ஓர் இனத்துக்கே பிரதிநிதி என்று யாரும் கேட்காமலே நியமித்துவிட்டு, பிறகு பதவிக்குப் பொருந்தவில்லை என்று நீக்குவது விசித்திரமான நீதி. இதில் கவலைக்குரிய பகுதி வேறு. கோபத்தில் சிலர் அவருடைய பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். பெண் என்று அழைக்கப்படுவது நன்னடத்தைக்குக் கொடுத்த பரிசுபோலவும் நடத்தை கெட்டால் பறித்துக்கொள்ளலாம் போலவும்.

பிரபலத்தின் செல்வாக்கு சட்டத்தையே மாற்றியிருக்கிறதே என்பவர்களுக்குத் துருக்கியின் புலென்ட் எர்சாய் நல்ல உதாரணம். துருக்கியச் செவ்விசையில் கொடிகட்டிப் பறந்தவர். 1981இல் லண்டனில் அறுவை செய்துகொண்டு திரும்பினார். முந்தைய ஆண்டு ஆட்சியைப் பிடித்திருந்த கெனான் எவ்ரனின் ராணுவம் அவர் மேடையேறத் தடை விதித்தது. நீதிமன்றம் அவரைப் பெண் என்று ஏற்கவில்லை. ஜெர்மனிக்குப் போய்ப் பாடினார். ஒலிநாடாக்கள் விற்றுக்கொண்டே இருந்தன. 1988இல் டுர்குட் ஓசால் ஆட்சியில் குடிமைச் சட்டம் திருத்தப்பட்டது. எர்சாய் பெண்ணுக்கான அடையாள அட்டையோடு மேடைக்குத் திரும்பினார். ரசிகர்கள் அவரை 'திவா' என்று கொண்டாடினார்கள், இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆக, ஒரு நட்சத்திரத்தால் சட்டம் மாறியது உண்மை. ஆனால் 1996இல் ஐநா மாநாடு ஒன்றுக்காக இஸ்தான்புல் நகரம் அலங்கரிக்கப்பட்டபோது உல்கெர் தெருவில் குடியிருந்த திருநங்கைகள் காவல்துறையால் விரட்டப்பட்டார்கள். 2002இல் வந்த புதிய குடிமைச் சட்டம், பாலினத்தை மாற்றிப் பதிய வேண்டுமானால் திருமணமாகாதவராகவும் இனப்பெருக்கத் திறனை நிரந்தரமாக இழந்தவராகவும் இருக்க வேண்டும் என்றது. பின்சொன்ன நிபந்தனை அரசமைப்பு நீதிமன்றத்தில் 2017இல்தான் விழுந்தது. அதற்குப் போராடியவர்கள் பாடகர்கள் இல்லை. வழக்குக்கு மேல் வழக்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போன சாதாரணர்கள். 2016 ஜூனில் எர்சாய் அதிபர் எர்டோகனின் இஃப்தார் விருந்தில் அமர்ந்திருந்தார். அதே நாளில் இஸ்தான்புல் தெருவில் திருநர் பேரணிக்கு வந்தவர்களைக் காவல்துறை கலைத்துக்கொண்டிருந்தது.

எலியட் பேஜ் இந்த வரலாற்றைப் படித்தவரைப்போல நடந்துகொண்டார். 'ஜூனோ' படத்தால் அறியப்பட்ட கனடிய நடிகர்; 2020 டிசம்பர் 1 அன்று தான் ஒரு திருநர் என்று அறிவித்தார். ஜோர்கென்சன் செய்தி வந்து 68 ஆண்டுகள் முடிந்த அதே தேதி, தற்செயல்தான். பேட்டி இல்லை, அட்டைப்படம் இல்லை, தானே எழுதிய ஓர் அறிக்கை மட்டும். அதில் தன் மகிழ்ச்சியைச் சொன்ன கையோடு, அந்த ஆண்டு மட்டும் அமெரிக்காவில் குறைந்தது 40 திருநர்கள் கொல்லப்பட்டதாகச் செய்தி என்றும், பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் திருநங்கைகள் என்றும், திருநர்களுக்கு மருத்துவத்தை மறுக்கும் சட்டங்களுக்காக உழைக்கும் அரசியல்வாதிகளின் கையில் ரத்தம் இருக்கிறது என்றும் எழுதினார். தன்னைப் பார்க்க வந்த கூட்டத்தை வேறு பக்கம் பார்க்கச் சொன்ன அறிக்கை அது. மறுநாள் தலைப்புகள் பலவும் பெயர் மாற்றம் பற்றியும் நெட்ஃபிளிக்ஸ் தன் பட்டியல்களில் பெயரை எவ்வளவு வேகமாகத் திருத்தியது என்பது பற்றியும்தான் இருந்தன. 2021 மார்ச்சில் பேஜ் 'டைம்' அட்டையில் வந்தார். மூன்று வாரம் ஆகியிருக்கும். ஏப்ரல் 6 அன்று ஆர்கன்சா சட்டமன்றம், குடியரசுக் கட்சி ஆளுநர் ஏசா ஹட்சின்சனே இது எல்லை மீறல் என்று கையெழுத்திட மறுத்த மசோதாவை, அவர் மறுப்பைத் தள்ளிவிட்டு நிறைவேற்றியது. 18 வயதுக்குட்பட்ட திருநர்களுக்குப் பாலின மாற்றம் சார்ந்த மருத்துவத்தைத் தடைசெய்த முதல் மாநிலம் அது.